அறிவு தளர்ந்த பெற்றோரும் அவர்களைக் காக்கிறவர்களும்



திருக்குடும்ப விழாவில் சீராக்கின் ஞானம் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கக் கேட்கிறோம். பெற்றோரை மதிக்கச் சொல்லும் பகுதி என்று மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அதில் ஓர் இடம் நம் காதில் சரியாக விழுவதில்லை. தந்தையின் அறிவு தளர்ந்துபோனாலும் பொறுமையாய் இரு, உனக்கு வலு இருக்கிறதென்று அவரை இழிவாக நடத்தாதே என்கிறார் ஆசிரியர். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் அவர். அன்றைக்கே இந்தத் துன்பம் வீடுகளில் இருந்திருக்கிறது.

இன்று மருத்துவர்கள் இதை டிமென்ஷியா, மறதிநோய் என்கிறார்கள். நாம் "வயசாயிடுச்சு" என்கிறோம். எரிச்சல் வந்தால் "வேணும்னே செய்றாங்க" என்கிறோம். இந்த இரண்டாவது பேச்சுதான் வீட்டை உடைக்கிறது. கேரளத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்த மருத்துவர்களும் இதையே கண்டார்கள்: பார்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், நோய் செய்விப்பதை வேண்டுமென்றே செய்வதாக வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள்.

உலகில் மறதிநோய் உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வில் 10 விழுக்காடுகூட அந்த நாடுகளைப் பற்றி நடப்பதில்லை என்ற குறையைச் சுட்டி, '10/66' என்றே பெயர் வைத்துக்கொண்டது ஓர் ஆய்வுக்குழு. அது ஆய்வு நடத்திய இடங்களில் நம் வேலூரும் ஒன்று. கணியம்பாடி வட்டாரக் கிராமங்களின் முதியவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல், சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஆகவே உங்கள் அன்பியத்திலும் ஒரு வீடு இருக்கும்.

அந்த வீட்டை ஆம்பூர்ப் பக்கம் வைத்துப் பாருங்கள். மருமகள் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். காலையில் கம்பெனி வண்டி வந்துவிடும். மாமியார் இரவெல்லாம் தூங்காமல், இறந்துபோன கணவரைத் தேடிக் கதவைத் தட்டியிருக்கிறார். விடிந்ததும் "என் தோட்டைத் திருடிட்டா" என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறார். மருமகள் வேலைக்குப் போனால் கிழவி வெளியே நடந்து சாலைக்குப் போய்விடுவார். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வேறு வழி தெரியாமல் வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். இப்படி ஒரு வீடல்ல, பல வீடுகள். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்லவில்லை, வீடு சந்திப்பில் கேட்டதைத்தான் சொல்கிறேன்.) "சாமி, அவங்க சீக்கிரம் போயிட்டா நல்லதுன்னு தோணுது, இது சாவான பாவமா?" என்று கேட்கிறார்கள்.

மகளே, களைப்பு பாவமல்ல. அந்த நினைப்பு வந்ததற்காக நற்கருணை வாங்காமல் பின்னால் நிற்காதே. நான் கோபப்படுவது வேறு ஆட்கள்மேல். பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "அம்மாவை ஒழுங்கா பாத்துக்கிறியா?" என்று கேட்கும் மகன்மேல். பூட்டைப் பார்த்துவிட்டுக் கோயில் வாசலில் கதை பேசுகிறவர்கள்மேல். அவர்களில் ஒருவர் செபமாலையோடு இரண்டு மணி நேரம் அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தால் அந்தப் பூட்டே வேண்டியிருக்காது.

மறதி எல்லாமே தீராத மறதி என்றும் முடிவு கட்டாதீர்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டதால் உள்ளே கசிந்த இரத்தம், சில மாத்திரைகள்: இவற்றாலும் புத்தி தடுமாறும், இவற்றுக்கு வைத்தியம் உண்டு. மருத்துவரிடம் ஒருமுறை காட்டாமல் மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். தோட்டைத் திருடியதாகச் சொன்னால் வாதாட வேண்டாம். "தேடித் தர்றேம்மா" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். பார்க்கின்சன் நோயில் முகம் இறுகி அசைவின்றிப் போகும். அது முறைப்பு அல்ல. அந்த நோயோடு வாழ்ந்த புனித இரண்டாம் யோவான் பவுல், 2005 உயிர்ப்பு ஞாயிறன்று சன்னலருகே வந்தும் பேச முடியாமல் கையால் மட்டும் ஆசி தந்ததை உலகமே பார்த்தது. மாத்திரையை மட்டும் அவர்களுக்கு நேரம் தவறாமல் கொடுங்கள்.

பிள்ளையின் பெயரை மறந்தவர்கள்கூடப் பல நேரம் மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினால் கூடவே சொல்லி முடிக்கிறார்கள். மாலை நேரத்துப் பதற்றத்துக்கு அதை முயன்று பாருங்கள். "அவங்களுக்குத்தான் ஒண்ணும் புரியாதே" என்று நோயில்பூசுதலைத் தள்ளிப்போடாதீர்கள். தெளிவாய் இருந்த நாளில் விசுவாசத்தோடு வாழ்ந்தவருக்கு அதைக் கொடுக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. முதியோருக்கான அரசு உதவி எண் 14567. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு வரும்போது வீட்டைப் பெருக்கி வைக்கவில்லையே என்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். பாட்டிக்கு நன்மை கொடுத்த பிறகு, பார்த்துக்கொள்கிறவரோடு கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் போவேன். எனக்கு டீ போட எழுந்து போகாமல் அப்படியே உட்காருங்கள்.