சொத்து வரியும் காலாவதியான மதிப்பும்

நகர்ப்புற உள்ளாட்சிகள் தாமே விதித்துத் தாமே வசூலிக்கும் வருவாய்களில் முதன்மையான சொத்து வரியைப் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும், அது எத்தனை விழுக்காடு உயர்ந்தது என்ற ஒரே கேள்வியில் போய் நின்றுவிடுகிறது. அந்த விழுக்காடு எந்த மதிப்பின் மேல் ஏற்றப்படுகிறது, அந்த மதிப்பு எப்போது, எதைக் கொண்டு எழுதப்பட்டது என்பவை குடிமக்கள் கூடும் அவைகளிலும் அரிதாகவே ஆராயப்படுகின்றன. வரியின் நியாயம் முடிவாவதோ அந்த இடத்தில்தான்.

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் இவ்வரிக்கு அடிப்படையாக வைத்தது ஆண்டு மதிப்பு. அதாவது, ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகையிலிருந்து, கட்டடத்துக்கு உரிய பங்கில் பத்து விழுக்காட்டைப் பழுதுபார்ப்புக்கெனக் கழித்தபின் எஞ்சுவது. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கும் இக்கற்பனை வாடகையே அளவுகோலாக இருந்தது. பின்னர் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தபோது, சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் எவரும் எதிர்பார்க்க இயலாது என்று குண்டூர், புதுடெல்லி நகராட்சிகள் தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் கூறியது. குடியிருப்போரைக் காக்க வந்த சட்டம், அவர்கள் தெருவுக்கு விளக்கும் வடிகாலும் தரவேண்டிய நகராட்சியின் வருவாயை இவ்வாறு உறையவைத்தது.

இதிலிருந்து மீள, பரப்பளவை அடிப்படையாக்கும் முறை முன்வைக்கப்பட்டது. ஆனால் தளப் பரப்பை மட்டுமே பார்த்த 1961ஆம் ஆண்டுக் கேரளக் கட்டட வரிச் சட்டம், கட்டடத்தின் இடத்தையும் தரத்தையும் பயனையும் கருதாமல் சமமற்றவற்றைச் சமமாக நடத்துவதால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பாடத்தை ஏற்ற பாட்னா, 1993இல் சாலையின் வகை, பயன்பாடு, கட்டுமானம் ஆகிய மூன்றையும் பரப்போடு சேர்த்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அம்முறையை ஏற்றது. டெல்லி 2004இல் குடியிருப்புப் பகுதிகளை எட்டு வகைகளாகப் பிரித்து, தம் வரியை மக்கள் தாமே கணக்கிட வழிசெய்தது.

சென்னையும் தெருவாரியாக அடிப்படை மதிப்பை வகுத்து, தளப் பரப்பால் பெருக்கும் முறைக்கு முன்பே வந்திருந்தது. ஆகவே இங்குள்ள குறையைச் சூத்திரத்தில் தேடுவதைவிடக் காலத்தில் தேடுவதே பொருந்தும். 1998இல் நடந்த பொதுச் சீராய்வுக்குப் பின், அதாவது மதிப்புகளை ஒட்டுமொத்தமாகத் திருத்தும் பணிக்குப் பின், இருபதாண்டுகள் எதுவும் நடக்கவில்லை. 2018இல் அறிவிக்கப்பட்ட உயர்வும் அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. 2022இல், பதினைந்தாவது நிதி ஆணையம் மானியத்துக்கு விதித்த நிபந்தனைகளின் பின்னணியில், பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 விழுக்காடு என்று வரி உயர்ந்தது. சிறிய வீட்டுக்குச் சலுகை தந்த இவ்வடுக்கு பாராட்டத்தக்கதே. ஆயினும் பழைய வரியின் மேல் விழுக்காடு ஏற்றப்படும்போது பழைய பிழையும் அதே விழுக்காட்டில் வளர்கிறது: 1998இல் ஒதுக்குப்புறமாக இருந்து இன்று கடைவீதியாகிவிட்ட தெருவும், அன்றே செழித்திருந்து இன்று களையிழந்த தெருவும் தம் பழைய உறவிலேயே நீடிக்கின்றன. 2024இல் ஏற்றப்பட்ட 6 விழுக்காடும் இதே அடித்தளத்தின் மேல்தான் அமர்ந்தது.

இத்தகைய தேக்கம் சட்டத்தின் முன் நில்லாது என்பதற்கு ஜெர்மனி சான்று. அங்கு மேற்குப் பகுதியில் 1964ஆம் ஆண்டு மதிப்பும், கிழக்குப் பகுதியில் 1935ஆம் ஆண்டு மதிப்பும் வரிக்கு அடிப்படையாக நீடித்தன. நெடுங்காலம் மறுமதிப்பீடு செய்யாமல் விட்டதே ஒத்த சொத்துகளுக்கு ஒவ்வாத வரியை உண்டாக்கிச் சமத்துவத்தை மீறுகிறது என்று 2018 ஏப்ரலில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 முதல் புதிய மதிப்புகளின்படி வரி விதிக்கப்படுகிறது. இங்கிலாந்தோ இன்னும் 1991ஆம் ஆண்டு மதிப்பையே வீட்டு வரிக்குப் பயன்படுத்துகிறது.

அடிக்கடி மதிப்பிட்டால் வருமானமற்ற முதியோர் தம் பழைய வீட்டை இழப்பார்கள் என்ற அச்சம் மெய்யானது. அதைப் புறந்தள்ளும் சீர்திருத்தம் சீர்திருத்தமாகாது. ஆனால் அதற்கு மருந்து எல்லோருடைய மதிப்பையும் உறையவைப்பதன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது நிறைந்தோர் தம் வீட்டு வரியை ஒத்திவைத்து, வீடு கைமாறும்போது வட்டியுடன் செலுத்த வழியுண்டு. முதியோருக்கு உதவும் இத்தகைய ஏற்பாடு தமிழ்நாட்டுக்கும் பொருந்தும்.

மதிப்பிடும் பொறுப்பை வரி வசூலிக்கும் அலுவலகத்திலிருந்து பிரிக்கவும் வேண்டும். மேற்கு வங்கம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மதிப்பீட்டு வாரியம் ஒன்றை அமைத்தது. பதின்மூன்றாவது நிதி ஆணையமும் மாநிலந்தோறும் சொத்து வரி வாரியம் கோரியது. அவ்வாறான வாரியம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தெருவாரி மதிப்புகளைத் திருத்தி, எந்த வாடகைத் தரவுகளிலிருந்து அவற்றைப் பெற்றது என்பதையும் வெளியிட வேண்டும். தம் மதிப்பை அடுத்த தெருவின் மதிப்போடு ஒப்பிட இயலாதவருக்கு மேல்முறையீட்டு உரிமை இருந்தும் பயனில்லை. ஆகையால் திருத்திய மதிப்புகளின் வரைவுப் பட்டியல் முடிவாகுமுன், வார்டின் குடிமக்கள் கூடும் பகுதி சபைகளில் வைக்கப்பட்டு, அங்கு எழும் ஒவ்வொரு மறுப்புக்கும் எழுத்தில் விடை தரப்பட்ட பின்னரே கேட்பு அறிவிப்பு வீடுகளுக்கு அனுப்பப்பட வேண்டும்.