தொண்டுக்கும் கணக்கு வேண்டும்

(யாழ்ப்பாணத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவர் நம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடந்த கிழமை என்ன தொழில் செய்தீர்கள் என்று வினவுகிறார். புகையிலைக்கு நீர் இறைத்ததைச் சொல்கிறோம். வெங்காயம் கிண்டியதைச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஊரார் நாற்பது பேருடன் மண்வெட்டியும் கடகமும் சுமந்து சென்று ஊர்க்குளத்தைத் தூர்வாரினோமே, அதை மட்டும் சொல்வதில்லை. கூலி பெறாத வேலையை வேலையென்று நாமே கருதுவதில்லை. உத்தியோகத்தர் தாளை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இதனால் நமக்கு வரும் நட்டம் யாது? நாற்பது பேர் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் வீதம் மூன்று ஞாயிறுகள் உழைத்தால் 480 மணித்தியாலமாகிறது. எட்டு மணித்தியாலத்தை ஒரு நாளாகக் கொண்டால் 60 ஆள்நாள். அதே வேலைக்கு அரசாங்கம் ஆட்களை அமர்த்தியிருந்தால் 60 நாட்கூலி கொடுத்திருக்கும். அது செலவாகப் பதியப்பட்டிருக்கும்; நாட்டின் உற்பத்தியிலும் சேர்ந்திருக்கும். நாம் செய்தமையால் ஒரு சதமும் பதியப்படவில்லை. வற்றாத ஆறில்லாத இந்தக் குடாநாட்டிலே குளத்தில் தேங்கும் மழைநீர்தான் நம் கிணறுகளுக்கு ஊற்று. அந்த ஊற்றைக் காத்த உழைப்பு எந்த ஏட்டிலும் இல்லை.

நம் வரலாற்றைப் பாருங்கள். 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் தம் வீட்டிலே தொடங்கிய வாசிப்பு முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வித்து. 1981இல் அது எரிக்கப்பட்டபோது உலகம் அறிந்தது அழிந்த நூல்களின் தொகையை மாத்திரமே. அதைக் கட்டி எழுப்பியவர்கள் ஊதியமின்றி ஈந்த நாட்களை யார் எண்ணினார்கள்? இன்றும் சனசமூக நிலையங்களைத் திறந்து பூட்டுபவர் யார்? மரண உதவிச் சங்கத்தின் கணக்கை எழுதுபவர் யார்? செல்வச்சந்நிதியில் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கும் தாய்மாரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

நாம் எண்ணப்படாதது இந்த ஒரு விடயத்தில் மட்டுமன்று. 1981க்குப் பின்னர் இலங்கை முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பு 2012இலேதான் நடைபெற்றது. 1990இல் தொடங்கிய தொழிற்படை மதிப்பீடும் போர்க்காலத்தின் பெரும்பகுதியில் வடமாகாணத்தை விட்டுவிட்டே நடந்தது. இடம்பெயர்ந்தோருக்குக் கோயில்களிலும் பாடசாலைகளிலும் சோறு சமைத்துக் கொடுத்த கைகள் மிகுதியாக உழைத்த அந்த ஆண்டுகளிலேயே, அக்கைகளை எண்ண ஒருவரும் வரவில்லை.

உலகம் இவ்விடயத்தில் வாளாவிருக்கவில்லை. சர்வதேசத் தொழில் தாபனம் தொண்டுழைப்பை அளப்பதற்கென 2011இல் ஒரு கைநூலை வெளியிட்டது. வீட்டுக்கு வீடு நடக்கும் தொழிற்படை மதிப்பீட்டோடு சில வினாக்களைச் சேர்த்தால் போதும், கடந்த நான்கு கிழமைகளில் செய்தவற்றைக் கேட்டால் போதும் என்று அது வழிகாட்டிற்று. தென்னாபிரிக்கா 2010இலேயே இவ்வகை மதிப்பீட்டை நடத்தியது. அவுஸ்திரேலியா 2006 முதல் தன் குடிசன மதிப்பிலேயே இதைக் கேட்டு வருகிறது. அங்கே குடியேறிய நம்மவர் வார இறுதியில் தமிழ்ப் பாடசாலையில் கற்பித்தால், அத்தொண்டைக் கேட்டறிய அந்நாட்டின் படிவத்தில் ஒரு வினா இருக்கிறது. இந்தியாவில் 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முன்னோடியாக நடந்த நேரப் பயன்பாட்டு மதிப்பீடு, 2019இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. இலங்கையும் 2017இல் தன் முதலாவது நேரப் பயன்பாட்டு மதிப்பீட்டை நடத்தியது. இது வரவேற்கத் தக்கதே.

எனினும் ஒரு நாளின் பொழுதை மட்டும் எழுதச் சொன்னால் நம் தொண்டு முழுமையாகப் பிடிபடாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கேட்டால் தண்ணீர்ப் பந்தல் தெரியும். மாரியில் கேட்டால் வெள்ளவாய்க்கால் வெட்டுவது தெரியும். இடையிலே கேட்டால் இரண்டும் தெரியா. ஆகையால் ஆண்டு முழுவதும் நடைபெறும் தொழிற்படை மதிப்பீட்டிலேயே இவ்வினாக்கள் இடம்பெறுவது அவசியம்.

கேட்கும் விதத்திலும் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். ‘தொண்டு செய்தீர்களா?’ என்று கேட்டால் நம்மவர் நாணத்தால் ‘இல்லை’ என்பர். குளம் வெட்டினீர்களா, கோயிலில் சமைத்தீர்களா, பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொன்னீர்களா என்று செயலைச் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டுத் தலைவர் ஒருவரே எல்லோருக்குமாக விடை சொன்னால் தாய்மாரின் உழைப்பு மறைந்துவிடும். ஆளுக்கு ஆள் கேட்க வேண்டும். வேறொரு சிக்கலும் உண்டு. 2013இல் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளரின் சர்வதேச மாநாடு, வேறு வீட்டில் வாழும் உறவினருக்குச் செய்யும் உதவியையும் தொண்டிலிருந்து நீக்கிற்று. ஊர் முழுவதும் உறவாக இருக்கும் குடாநாட்டிலே இவ்வரையறையை அப்படியே பொருத்தினால் மிஞ்சுவது என்ன? உறவு எதுவரை என்பதைத் தெளிவாக வகுத்துக்கொண்டே எண்ண வேண்டும்.

சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் மற்றொன்றையும் நாம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கூலியின்றிச் செய்த வேலையெல்லாம் தொண்டாகிவிடாது. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ‘ஊழியம்’ என்ற பெயரில் கட்டாய வேலை வாங்கப்பட்டது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய விதிகளும் இருந்தன. இராசகாரியம் 1832இலும் அடிமைமுறை 1844இலும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. ஆனால் சாதியின் பெயரால் மறுக்க முடியாமல் செய்யப்பட்ட குடிமைத் தொழில்கள் அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தன. மறுக்கும் உரிமை இல்லாதவன் செய்த வேலையைத் தொண்டென்று எழுதிப் பெருமை கொள்வோமாயின், அக்கணக்கு நம் வெட்கத்துக்கே சான்றாகும். கட்டாயமின்மையே தொண்டின் உயிர் என்று 2013ஆம் ஆண்டுத் தீர்மானமும் கூறுகிறது.

இன்னொரு அநீதி நம் கண்முன்னே நடந்தது. ‘தொண்டர் ஆசிரியர்’ என்ற பெயரில் வடமாகாணப் பாடசாலைகளில் ஊதியமின்றியோ சொற்பக் கொடுப்பனவுடனோ ஆண்டுக்கணக்காகக் கற்பித்தோர், நிரந்தர நியமனம் கோரி வீதியில் அமர நேர்ந்தது. கற்பித்ததற்குச் சான்று எங்கே என்று அவர்களிடமே கேட்கப்பட்டது. வெற்றிடத்தை நிரப்ப ஆள் வேண்டும், ஊதியம் மட்டும் கொடுக்க மனமில்லை என்றால், அதைத் தொண்டு என்று அழைப்பது சொல்லுக்கே இழைக்கும் துரோகமன்றோ? ஆகவே, ‘மறுத்திருக்க முடியுமா? வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் செய்தீர்களா?’ என்னும் இரு வினாக்களும் படிவத்தில் இருந்தே தீர வேண்டும். அவற்றின் விடை மனமுவந்த கொடையையும் மறைக்கப்பட்ட கூலியையும் வேறு பிரித்துக் காட்டும்.

யார் எந்தச் சங்கத்தில் உழைக்கிறார் என்று அரசுக்குச் சொல்வது ஆபத்தல்லவா என்று சிலர் அஞ்சுகின்றனர். நாம் பட்ட பாட்டை எண்ணும்போது அவ்வச்சம் நியாயமானதே. தனியாள் விபரத்தை வெளியிடுவதைப் புள்ளிவிபரச் சட்டம் தடுக்கிறது. அதற்கு மேலும் ஒரு காப்பு வேண்டும்: சங்கத்தின் வகையைக் கேட்கலாம், பெயரைக் கேட்கலாகாது.

முடிவாக நாம் கோருவது இதுவே. இவ்வினாக்கள் தொழிற்படை மதிப்பீட்டில் சேர்க்கப்படட்டும். அவற்றின் தமிழ் வாசகம் இங்குள்ள ஊர்களிலே பேசிப் பார்த்துத் திருத்தப்படட்டும். முடிவுகள் மாவட்டம் மாவட்டமாக வெளிவரட்டும். அதுவரை நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சனசமூக நிலையமும் இன்றே ஒரு கொப்பியைத் திறக்கட்டும்; யார் வந்தார், எத்தனை மணித்தியாலம், என்ன வேலை என்று எழுதிவரட்டும். நீதிமன்றத்தில் எழுத்துச் சான்றுக்கு இருக்கும் வலிமையை நாம் நாள்தோறும் காண்கிறோம். நாளை ஊர்க்குளத்துக்கு நிதி கேட்டு அரசாங்கத்தின் வாசலில் நிற்கும்போது, நம் பங்கை நாம் முன்னரே செலுத்திவிட்டோம் என்று அக்கொப்பி சொல்லும்.