இரண்டாம் முறை தொட்ட கரம்

(பங்காளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் நமது மருத்துவமனையைத் தாங்கிவருகிற உங்களிடம் ஒவ்வோர் ஆண்டும் மகிழ்ச்சியான செய்திகளையே சொல்லிவந்திருக்கிறேன். இன்று என் தவறு ஒன்றைச் சொல்லப்போகிறேன். அதிலிருந்து கற்றுக்கொண்டது உங்கள் வீட்டிலும் சபையிலும் இருக்கிற முதியவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாயாருக்கு நமது கண் பிரிவில் இலவசமாகக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணில் புரை முற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டுப் பிரித்த அன்று மருத்துவர் காட்டிய விரல்களைத் தடுமாறாமல் எண்ணினார். வார்டில் இருந்த யாவரும் மகிழ்ந்தோம்.

ஒரு வாரம் கழித்து, சொட்டு மருந்து வாங்க வந்தவர் வராந்தாவில் என்னைக் கண்டு, "ஐயா, விளக்கு ஏத்துனா ரெண்டு திரி எரியுற மாதிரி தெரியுதே" என்றார். நான் அவசரமாக அடுத்த வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். "கண் பழகணும் அம்மா. பொறுமையா இருங்க. பார்வை தந்தவருக்கு நன்றி சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி, ஒரு சிறு ஜெபம் செய்து அனுப்பிவிட்டேன். அவரும் மருத்துவரிடம் ஒன்றும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். ஒரு மாதப் பரிசோதனைக்கும் வரவில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு எலும்பு முறிவு வார்டில் அவரைப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பேருந்திலிருந்து இறங்கும்போது படி இரண்டாகத் தெரிந்திருக்கிறது. இல்லாத படியில் காலை வைத்துவிட்டார். பீடி சுற்றும் கை அது.

"ஏன் அம்மா டாக்டரிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"காசு வாங்காம செஞ்சுவிட்டாங்க. அதுல போய் குறை சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்களும் பொறுத்துக்கிடச் சொன்னீங்களே ஐயா" என்றார்.

நாற்பது ஆண்டு ஊழியத்தில் எத்தனையோ கடிந்துகொள்ளுதலைக் கேட்டிருக்கிறேன். கோபமே இல்லாமல் அந்தத் தாயார் சொன்ன வார்த்தைதான் என்னை மிகவும் தைத்தது.

அன்றே அவரைக் கண் பிரிவுக்கு அழைத்துப்போனேன். நமது கண் மருத்துவர் அம்மா முதலில் செய்தது மிக எளிய சோதனை. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி விளக்கைப் பார்க்கச் சொன்னார். பிறகு மற்றக் கண்ணை மூடச் சொன்னார். எந்தக் கண்ணை மூடினாலும் விளக்கு ஒன்றாகிவிட்டது. இரண்டையும் திறந்தால் மறுபடியும் இரண்டு.

இந்தச் சோதனையை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தால், கோளாறு அந்த ஒரு கண்ணுக்குள் இருக்கிறது. கண்ணின் மேற்பரப்பு உலர்ந்திருக்கலாம். அதற்குச் சொட்டு மருந்து உண்டு. கருவிழியின் வளைவு சமமில்லாமல் இருக்கலாம். புண் ஆறிய பின், பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்தில், கண்ணாடி அளவு பார்த்துக் கொடுப்பார்கள். உள்ளே வைத்த லென்ஸ் சற்று விலகியிருக்கலாம்; தேவையானால் அதைத் திருத்தி வைப்பார்கள். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு மங்கலாம். லேசர் கதிரால் சில நிமிடத்தில் அதைத் திறந்துவிடுகிறார்கள்.

ஒரு கண்ணை மூடியதும் இரண்டு ஒன்றாகிவிட்டால், இரு கண்களும் ஒரே இடத்தை நோக்கவில்லை, அல்லது அவை தரும் இரு படங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பொருள். நமது தாயாருக்கு நடந்தது இதுதான். பல ஆண்டுகள் புரையால் மூடிக்கிடந்த கண் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருந்தது. அதில் பார்வை இல்லாதவரை யாருக்கும் தெரியவில்லை. பார்வை திரும்பியதும் மூளைக்கு இரண்டு படங்கள் போயின. ஆபரேஷன் தோற்றதால் அல்ல, வெற்றி பெற்றதால்தான் மறைந்திருந்த குறை வெளிப்பட்டது.

வேறு காரணங்களும் உண்டு. மரத்துப்போகப் போடும் ஊசியின் விளைவு தீரும்வரை, முதல் ஓரிரு நாள் இரண்டாகத் தெரியலாம். அது தானாகவே தெளியும். அபூர்வமாக அந்த ஊசியால் கண்ணை அசைக்கும் தசை பாதிக்கப்படுவதும் உண்டு. ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் ஆகி, மற்றதன் பவர் மிகவும் வேறுபட்டிருந்தாலும் இரு படங்கள் பொருந்தாது. இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆனதும் பலருக்கு அது நீங்கிவிடும்.

நம்மில் மூத்தவர்களுக்குப் பழைய நாட்கள் நினைவிருக்கும். 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். ஆனாலும் நமது கிராமத்து முகாம்களுக்கு அது வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை லென்ஸை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அது எதையும் ஏறக்குறைய கால்பங்கு பெரிதாகக் காட்டும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆனவருக்குப் பெரிய படம் ஒன்றும் சிறிய படம் ஒன்றும் தெரியும். அநேகர் அந்தக் கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். மதுரையில் 1992-ல் ஆரோலேப் தொடங்கி, குறைந்த விலையில் லென்ஸ் செய்ய ஆரம்பித்தபின் ஏழைகளுக்கும் உள்லென்ஸ் எட்டியது.

நமது தாயாருக்கு முதலில் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டினார்கள். அதனால் இரண்டாவது உருவம் மறைந்து, பயமில்லாமல் நடந்தார். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பிரிசம் தாளைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். பள்ளியில் பட்டகம் என்று படித்தோமே, அதுதான். ஒளியை வளைத்து, விலகிய படத்தை மற்றதோடு சேர்த்துவிடும். சற்று மங்கலாகத் தெரியும். ஆனால் ஒன்றாகத் தெரியும். பல மாதம் அளவு மாறாமல் நின்றபின் பிரிசத்தைக் கண்ணாடிக்குள்ளேயே அமைத்துக் கொடுத்தார்கள். இதனாலும் தீராதவர்களுக்கு மாறுகண் ஆபரேஷன் உண்டு. இன்று கை ஆறி, அவர் மறுபடியும் சொளவை மடியில் வைத்து உட்காருகிறார்.

ஓர் எச்சரிக்கை. இரட்டைப் பார்வை திடீரென்று வந்து, அதோடு இமை தொங்கினாலோ, தாங்கமுடியாத தலைவலி வந்தாலோ, கை கால் வலுவிழந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அது ஆபரேஷனால் வந்தது என்று எண்ணிக் காத்திராதீர்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ஆபரேஷன் ஆன கண் சிவந்து வலித்து, பார்வை குறைந்தாலும் அதே நாளில் வரவேண்டும். காரணம் தெரிந்து சரியாகும்வரை இருசக்கர வண்டி ஓட்டவேண்டாம்; படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள்.

பிரியமானவர்களே, பெத்சாயிதா ஊருக்கு வெளியே ஆண்டவர் குருடன் ஒருவனைத் தொட்ட சம்பவத்தை மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தொட்டபின், ஏதாவது தெரிகிறதா என்று ஆண்டவரே அவனிடம் கேட்டார். அவன் மரியாதைக்காக, எல்லாம் நன்றாய்த் தெரிகிறது என்று சொல்லவில்லை. ஆட்கள் மரங்களைப்போலத் தெரிவதாக உள்ளதை உள்ளபடி சொன்னான். ஆண்டவர் அதை நன்றிகேடு என்று எண்ணவில்லை. மறுபடியும் அவன் கண்கள்மேல் கைவைத்தார். நான் அந்தத் தாயாரிடம் கேட்கத் தவறிய கேள்வி அதுவே. அவர் தாமாகச் சொன்னபோதும், நன்றி சொல்லச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன்.

இப்பொழுது ஆபரேஷன் ஆன ஒவ்வொருவரிடமும், "ஒன்றாய்த் தெரிகிறதா, இரண்டாய்த் தெரிகிறதா?" என்று நாங்களே கேட்கிறோம். ஒரு கண்ணுக்கு ஒளி கொடுக்க உங்களில் அநேகர் மனமுவந்து காணிக்கை அனுப்புகிறீர்கள். அதோடு மறுபரிசோதனைக்கு வரும் பேருந்துச் செலவு, சரியான கண்ணாடி, ஒரு பிரிசம் ஆகியவற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை தொடுவதற்கும் செலவு உண்டு. உங்கள் சபையில் ஆபரேஷன் ஆன முதியவர் இருந்தால், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் அருகே உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். இலவசமாகப் பெற்றவருக்கும் குறையைச் சொல்ல உரிமை உண்டு என்று அவருக்குச் சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்களையும், உங்கள் கைகளின் பிரயாசங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.