சிவபாத இருதயர் என்னும் தந்தை

 

“பிள்ளை பாதி, புராணம் பாதி” என்பது சைவ உலகில் வழங்கும் பழமொழி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் திருஞானசம்பந்தர் வரலாறு மட்டும் 1,256 பாடல்களால் ஆனது. அப்பிள்ளையின் புகழ் பேசாத சைவ மேடை இல்லை. அவரைப் பெற்ற தந்தையாரின் உள்ளத்தை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

சீகாழியில் கவுணியர் குலத்தில் தோன்றியவர் சிவபாத இருதயர். அவரும் மனைவியார் பகவதியாரும் சைவம் தழைக்க ஒரு மகவு வேண்டுமென்று தவமிருந்தனர். வேண்டிய வரம் கிடைத்தது. ஆனால் அவ்வரம் தன்னை வெளிப்படுத்திய நாளில் தந்தையார் கையில் எடுத்ததோ கோல்!

மூன்று வயதுக் குழந்தையைக் கரையில் அமர்த்திவிட்டு அவர் குளத்தில் மூழ்கினார். எழுந்து வந்தபோது மகனின் கடைவாயில் பால் வழிந்தது. “யார் தந்த பாலை உண்டாய்? காட்டு” என்று கோலை ஓச்சினார். ஆசாரத்தில் ஊறிய அந்தணர்க்கு, அயலார் ஊட்டியதை மகன் உண்டானோ என்ற கலக்கம். பிள்ளையோ கண்ணீர் மல்க வானை நோக்கிக் கைகாட்டி, முதல் பதிகத்தைப் பாடியது. ஓங்கிய கோல் அடிக்கவில்லை. தம் அறிவுக்கு எட்டாத ஒன்று தம் வீட்டுப் பிள்ளையிடம் வந்திருப்பதை அத்தந்தை உணர்ந்தார்.

அதன்பின் அவர் செய்தவை எண்ணத்தக்கவை. திருநனிபள்ளிக்குச் செல்லும் வழியில் பிஞ்சுப் பாதங்கள் நோவதைப் பொறாது, மகனைத் தம் தோள்மீது சுமந்து சென்றார். உலகம் ஞானக் குழந்தையைக் கண்டது. தந்தையின் கண்ணுக்குக் கால் நோகும் குழந்தையும் தெரிந்தது. திருவாவடுதுறையில் வேள்விக்குப் பொருள் வேண்டுமென மகனிடம் கேட்டார். இறைவன் அளித்த ஆயிரம் பொன்னைப் பெற்று, வேள்விக்கெனச் சீகாழி திரும்பினார். பின்னர், மகன் மதுரையில் இருப்பதறிந்து காண விழைந்து அங்கும் சென்றார். தந்தையைக் கண்ட பிள்ளை, காழிப் பெருமானின் நலத்தைப் பதிகத்தால் வினவியது. மகனின் நெஞ்சில் முதலிடம் எவர்க்கு என்பதை அறிந்தும், அத்தந்தையின் அன்பு குறையவில்லை.

அன்பர்களே! இன்றும் வயதுக்கு மீறிய அருளோ அறிவோ சில குழந்தைகளிடம் தோன்றுவதுண்டு. அஞ்சி அடிக்கும் பெற்றோர் உளர். குழந்தையை நடுவீட்டில் அமர்த்தி, வாக்குக் கேட்கக் கூட்டம் சேர்ப்போரும் உளர். இரண்டிலும் வாடுவது குழந்தையே. முதலில் கேளுங்கள், அது சொல்வதைப் பொறுமையாகச் செவிமடுங்கள். நோயெனத் தோன்றினால் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். அருளே ஆயினும், அதைத் தாங்கும் உடல் சிறிது. அதற்கு உணவும் உறக்கமும் விளையாட்டும் வேண்டும். பெற்றோர் தோள் அதற்கே.

திருநல்லூர்ப் பெருமணத்தில் திருமணக் கோலத்துடன் சம்பந்தர் சோதியிற் கலந்தபோது, சிவபாத இருதயரும் உடன் புகுந்தார். அன்று கோல் ஓங்கிய கைக்கும் அச்சோதியில் இடமிருந்தது. அத்தகைய பொறுமையும் பேரன்பும் நம் இல்லங்களில் நிலைக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.