சிலேட்டிலிருந்து டேப்லெட் வரை
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு நாளில் நீண்ட பேச்சு யாருக்கும் பிடிக்காது. ஆகையால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி அமர்கிறேன். இந்த ஆண்டு பெற்றோர் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "சார், பிள்ளைக்கு டேப்லெட் வாங்கிக் கொடுக்கணுமா? இனிமே எல்லாம் அதுலதான் எழுதணுமாமே?"

நம் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்துத் தோட்டப் பிள்ளைகள் பலரின் கையில் இருந்தது சிலேட்டும் குச்சியும்தான். எழுதினார்கள், அழித்தார்கள். பிறகு நோட்டுப் புத்தகம் வந்தது. இப்போது மறுபடியும் ஒரு பலகை வந்திருக்கிறது. இதில் எழுதியதைச் சேர்த்து வைக்கலாம், பையும் கனக்காது. தமிழும் இதற்குப் புதிதல்ல. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005லேயே கைப்பேசிக்குள் தமிழைக் கொண்டு வந்துவிட்டது. ஆகவே இந்தக் கருவியைப் பழிக்க நான் வரவில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் அப்பா வேலைக்குப் போனால் கூடவே போய்விடும். 500 பள்ளிகளில் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி தரும் திட்டத்தை அரசு அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. நல்ல திட்டம்தான்; ஆனால் 500 பள்ளிகள் என்பது நாட்டிலுள்ள பள்ளிகளில் ஒரு சிறு பங்கு.

அந்த நாட்களில் ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்தினேன். டேப்லெட் வைத்திருந்த ஒரு மாணவன் நான் காட்டியதையெல்லாம் திரையில் படம் பிடித்து வைத்துக்கொண்டான். மறுநாள், "செடி எப்படிப்பா சாப்பாடு செய்யுது?" என்று கேட்டேன். "சார், இருங்க, படத்தைத் தேடிப் பார்க்கிறேன்" என்றான். அண்ணனோடு ஒரே கைப்பேசியைப் பங்கு போட்ட இன்னொரு மாணவி, பழைய நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "இலைதான் அடுப்பாங்கரை. வெயில்தான் நெருப்பு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதே பிள்ளை பாதி வகுப்புகளுக்கு வர முடியவில்லை. அவளுக்குக் கருவி தேவையில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கருவி இருந்தவனுக்குக் குறிப்பெடுக்கத் தெரியவில்லை. தெரிந்தவளுக்குக் கருவி இல்லை. இரண்டும் குறைதான்.

2014இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். மடிக்கணினியில் தட்டச்சு செய்தவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அதிகம் எழுதினார்கள். கையால் எழுதியவர்களோ கருத்தைக் கேட்ட கேள்விகளுக்கு மேலாகப் பதில் சொன்னார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாமே அதே முடிவைத் தரவில்லை. என்றாலும், கேட்டதை யோசிக்காமல் அப்படியே இறக்கி வைப்பது படிப்பாகாது என்பதை வகுப்பறையில் நான் தினமும் பார்க்கிறேன்.

இதை எனக்கு முதலில் கற்றுக் கொடுத்தவர் என் அம்மா. அவர் பால்மரம் வெட்டியவர். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பால் நிறுக்கும்போது தராசைத் தன் கண்ணால் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் தேதிக்குக் கீழே எடையை எழுதுவார். மழை நாளென்றால் ஒரு புள்ளி. ஒரு மாதம் சம்பளத்தில் இரண்டு நாள் குறைந்தது. அம்மா காலண்டரைச் சுருட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நானும் கூடப் போனேன். கிராணி செக்ரோலைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். மறு சம்பளத்தில் அந்த இரண்டு நாள் கூலியும் வந்து சேர்ந்தது. அம்மா எழுதியது பிறர் கணக்கின் நகல் அல்ல. தான் கண்டதை, தனக்குப் புரிந்தபடி, தன் கையால் எழுதினார். அதுதான் குறிப்பு.

மாணவச் செல்வங்களே! டேப்லெட் கிடைத்தால் அதில் எழுதுங்கள். எழுதுகோல் இருந்தால் கையாலேயே எழுதுங்கள். படம் பிடித்தாலும், பக்கத்தில் மூன்று வரி சொந்த வார்த்தையில் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் வெட்கப்படாதீர்கள், முப்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும்.

பெற்றோர்களே! கடன் பட்டு, நகையை அடகு வைத்து இதை வாங்க வேண்டாம். வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். முடியாதவர்களுக்காகப் பள்ளியிலேயே சில கருவிகளை வைத்து மாறி மாறிப் பயன்படுத்த ஏற்பாடு செய்யும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரவில் பிள்ளையை உட்கார வைத்து, "இன்னைக்கு என்ன எழுதினே, சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், கேட்கத் தெரியுமே! உங்களுக்குப் புரியும்படி பிள்ளை சொல்லிவிட்டால், அதற்குப் பாடம் வந்துவிட்டது என்று பொருள்.

சிலேட்டு போனது, டேப்லெட் வந்தது. நாளை இதுவும் போகும். புரிந்ததை எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் நம் பிள்ளைகளிடம் நிலைக்கட்டும். பரிசு பெறுவோர்க்கு வாழ்த்து. அடுத்த ஆண்டு பெறப் போகிறவர்களுக்கும் வாழ்த்து.