தலைச்சுற்றலை அளப்பது எப்படி?



காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. குருதி அழுத்தத்திற்கும் கருவி உண்டு. தலைச்சுற்றலுக்கு என்ன உண்டு? உலகமே சுழல்கிறது என்று முறையிடுபவரின் காதையும் மூளையையும் ஆராய்ந்தால், பல வேளைகளில் பழுதொன்றும் தென்படுவதில்லை. "ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு அவர் வீடு திரும்புகிறார். வீட்டிலோ அதற்குச் சோம்பல் என்று பெயர்.

இத்தகைய நோய்களுள் ஒன்று, ஒற்றைத் தலைவலியின் உறவினதாகிய வெஸ்டிபுலர் மைக்ரேன். 2012ஆம் ஆண்டில் பாரனி சங்கமும் அனைத்துலகத் தலைவலிச் சங்கமும் இதற்கு இலக்கணம் வகுத்தன. ஐந்து முறையேனும் சுற்றல் வந்திருத்தல் வேண்டும். ஒவ்வொன்றும் 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். தலைவலியே இன்றிச் சுற்றல் மட்டும் வருவதும் உண்டு.

நோயாளியின் சொல்லன்றி வேறு சான்றில்லாத இடத்தில், அச்சொல்லையே அளவுகோலாக்க முயன்றனர் அமெரிக்க அறிஞர் ஜேக்கப்சனும் நியூமனும். 1990இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் 25 வினாக்கள் உள்ளன. "ஆம்" என்றால் 4, "சில வேளை" என்றால் 2, "இல்லை" என்றால் 0; கூட்டுத்தொகை 100 வரை செல்லும். மேலே நிமிர்ந்து பார்த்தால் தொல்லை மிகுகிறதா, படுக்கையை விட்டு எழ முடிகிறதா, படிக்க முடிகிறதா என்றெல்லாம் அது வினவுகிறது. குடித்திருப்பதாகப் பிறர் எண்ணிவிடுவரோ என்று அஞ்சுகிறீரா என்பதும் அதில் ஒரு வினா. தெருவில் தள்ளாடி நடந்தவருக்குத்தான் அவ்வினாவின் அருமை தெரியும்! சிகிச்சைக்குப்பின் தொகை 18 எண்களேனும் குறைந்தால்தான் உண்மையான மாறுதல் எனக் கொள்ளலாம் என்றனர் அவ்விருவரும்.

எனினும், இது எல்லாவகைச் சுற்றலுக்கும் பொதுவான பட்டியல். வெளிச்சமும் ஓசையும் தாங்காமல் இருட்டறையில் ஒடுங்கும் துன்பம் இதில் அடங்காது. அதனால் வெஸ்டிபுலர் மைக்ரேனுக்கென்றே தனி வினாப்பட்டியல்களும் இப்போது எழுந்துள்ளன.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே வேறொரு கவலை உண்டு. கடையில் இருபுறமும் அலமாரிகள் அடுக்கிய நடைவழியில் செல்வது பற்றி அப்பட்டியலில் ஒரு வினா வருகிறது. சந்தையில் காய்கறி வாங்குபவரிடம் அதை எவ்வாறு கேட்பது? கண்ணருகே இருமருங்கும் பொருள்கள் விரைந்து கடப்பதுதான் அங்கே கருத்து. அக்கருத்து மாறினால் எண்ணும் பொய்த்துப்போகும். ஆகவேதான், ஒருவர் பெயர்த்ததை மற்றொருவர் மூலத்தைப் பாராமலே திரும்பப் பெயர்த்து, இரண்டையும் ஒப்புநோக்கும் வழக்கம் ஏற்பட்டது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இடர் இன்னும் அருகிலேயே உள்ளது. "மயக்கம்" என்று நாம் சொல்வது சுற்றலையும் குறிக்கும், நினைவிழத்தலையும் குறிக்கும். உடன் வந்தவர் அதனை இந்தியில் "பேஹோஷி" என்று ஆக்கிவிட்டால், மருத்துவர் நினைவு தவறியதற்கான காரணத்தைத் தேடி நெஞ்சை ஆராயத் தொடங்குவார். ஆதலின், மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு சிறு குறிப்பேட்டில் நாளும் நேரமும், அன்று தடைப்பட்ட வேலையும் எழுதிவைத்தல் நலம். தமிழிலேயே எழுதலாம், பள்ளி செல்லும் பிள்ளை அவ்வூர் மொழியில் படித்துச் சொல்லிவிடும். "மயக்கம்" என்று மட்டும் எழுதாது, சுழல்கிறதா, தள்ளாடுகிறதா, நினைவு தப்புகிறதா எனப் பிரித்தே எழுதுக.