மெட்டல் வாசிக்க எந்த கிட்டார்?

சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காட்டு மலையைப் பார்த்தபடி மெட்டல் இசை வாசிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கும், "இந்த இரைச்சலுக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சேர்த்தே பேசுகிறேன். நான் இதை இரைச்சலாக நினைக்கவில்லை. கையில் கட்டுப்பாடு இல்லாதவரால் வாசிக்கவே முடியாத இசை இது.

இரும்பாலை உள்ள சேலத்துக்காரர்களுக்கு இதன் பிறப்புக் கதை எளிதில் புரியும். 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், தகட்டு ஆலை இயந்திரத்தில் சிக்கி, 17 வயது டோனி அயோமியின் வலது கை நடுவிரலும் மோதிரவிரலும் நுனி இழந்தன. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய பாஞ்சோ தந்திகளைக் கட்டினார். 1971இல் வந்த, அவருடைய பிளாக் சபாத் குழுவின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பின் பல பாட்டுகளில் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். அப்படி இறக்கும்போது தந்தியின் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறையும். விரலுக்கு அது இதம். கேட்பவருக்கோ அடிவயிறு வரை அதிரும் கனம்.

ஆகவே எந்தச் சுருதியில் வாசிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், விலையைப் பிறகு கேட்கலாம். 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்த அயர்ன் மெய்டன் குழுவின் பெரும்பாலான பாட்டுகள் வழக்கமான ஈ சுருதிதான். அந்த வகை பிடிக்கும் என்றால் 9-42 தந்தி போதும். சுருதியை வெகுவாக இறக்கும் வகை என்றால் அதே தந்தி தொளதொளத்து ஃப்ரெட்டில் உரசும்; 11-54 போலத் தடித்த செட் வேண்டும். பிரிட்ஜ் அசையாத வகையாக இருக்கட்டும். அசையும் வகையான ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜில் ஒரு தந்தியைத் தளர்த்தினால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். புதிதாகப் பழகுபவருக்கு அந்தப் போராட்டம் தேவையில்லை.

பிக்கப் ஹம்பக்கராக இருப்பது நல்லது. 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்தது அது. இரண்டு சுருள்கள் எதிரெதிராக இணைந்து, மின்சாரத்தின் 50 சைக்கிள் ரீங்காரத்தைத் தின்றுவிடும். ஆனால் வீட்டில் எர்த் சரியில்லை என்றால் எந்த பிக்கப்பும் உதவாது. ஆம்பில் கசிவு இருந்தால் தந்தியைத் தொட்ட கையில் ஷாக்கே அடிக்கும். டூ பின் பிளக்கில் ஆம்பைச் செருகாதீர்கள்; பெடல் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பெற்றோர் முதலில் செய்து தர வேண்டிய செலவு இதுதான்.

அடுத்தது கெயின். பழகுபவர்கள் கெயினை முழுக்கத் திருகி, மிட்டை, அதாவது நடுத்தர அலைவரிசைகளை, அடியோடு குறைத்துவிடுகிறார்கள். தனி அறையில் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்தால் கிட்டார் காணாமல் போகும். கிட்டாரின் குரலே மிட்டில்தான் இருக்கிறது. நினைப்பதைவிடக் கெயினைக் குறையுங்கள். பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமர் பெடலில் டிரைவை அடியில் வைத்து, லெவலை ஏற்றி, டிஸ்டார்ஷன் ஆம்புக்கு முன்னால் மாட்டினால் அடிச்சுரங்களின் குழைவு வடிந்து ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கும். வீடுகள் நெருக்கமான தெருவில் இருப்பவர் பெரிய ஆம்பே வாங்க வேண்டாம் என்பேன். ஆடியோ இன்டர்ஃபேஸ், கம்ப்யூட்டரில் ஆம்ப் மென்பொருள், நல்ல ஹெட்போன் போதும். ராத்திரி பதினொரு மணிக்கும் யாருக்கும் தொந்தரவில்லாமல் சாதகம் செய்யலாம்.

கடைக்குப் போனால் வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் அருகே தந்திமேல் லேசாக வைத்து, தடித்த தந்தியைக் கீழ்நோக்கியே வேகமாக அடியுங்கள். சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்திய கணத்தில் ஒலியும் நிற்க வேண்டும். ஊளையோ உரசலோ தொடர்ந்தால் அடுத்த கிட்டாரைக் கேளுங்கள். அது விலை குறைந்ததாகவே இருந்தாலும் கூச்சப்பட வேண்டாம்.